சின்ன எஞ்சினுக்குப் புது வண்ணம்: எந்தப் பெயிண்ட், எந்த டீகல்?

என்-ஸ்கேல் என்ற சிறிய அளவு மாடல் ரயில் எஞ்சினுக்கு வண்ணம் மாற்றப் போகிறவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அளவு 1:160. பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் தடித்துப்போனால், நிஜ எஞ்சினில் 16 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பியதற்குச் சமம். கதவுக் கீல், கிரில், ரிவெட் வரிசை எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். இதைவிடப் பெரிய எச்ஓ மாடல் அளவில், அதாவது 1:87இல், ஓரளவு சமாளிக்கலாம். இங்கே முடியாது. அதனால் எந்த முறையை எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எது மெல்லிசாக உட்காருகிறது?

பழைய பெயிண்ட்டை உரிப்பதா, அதன் மேலேயே அடிப்பதா என்பதில் நான் உரிக்கும் கட்சி. தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் மெல்லிசுதான், மேலேயே அடித்தாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அச்சடித்த எழுத்துகளின் விளிம்பு புது வண்ணத்துக்கு அடியிலிருந்து மேடாகத் தெரியும். எழுத்துகளையாவது எடுத்தே ஆக வேண்டும். மேல்கூட்டைக் கழற்றி, கண்ணாடிகளை எடுத்துவிட்டு, 91 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டு மென்மையான டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். முதலில் கூட்டின் உள்பக்கம் ஒரு மூலையில் சோதித்துக்கொள்வது நல்லது. சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பிரேக் ஆயிலை நம்பும் பழைய கைகள் உண்டு. அது நஞ்சு, சில பிளாஸ்டிக்கை நொறுங்கவும் வைக்கும், ஆகவே என் ஓட்டு அதற்கு இல்லை. அசிட்டோனைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். கூடு கரைந்துவிடும்.

எஞ்சின் மேல் எழுதியிருக்கும் எண் மட்டும் மாறினால் போதும் என்றால் இந்தப் பாடே வேண்டாம். பழைய எஞ்சினை விலைக்கு வாங்கும் ரயில் நிறுவனங்களே முந்தைய பெயரையும் எண்ணையும் ஒரு செவ்வகத்தால் மறைத்து, மேலே புது எண் எழுதி ஓட்டுவது சகஜம். மாடலிலும் அதையே செய்யலாம்.

இனி பூசுவது. கைப்பிடிக் கம்பி, பஃபர் மாதிரிச் சின்னச் சின்ன இடங்களுக்கு பிரஷ் போதும், நீளமான பக்கச் சுவரில் அதன் தடம் தெரியும். ஸ்பிரே கேனா, காற்றழுத்தத்தில் பெயிண்ட்டைத் தூவும் பேனா போன்ற ஏர்பிரஷ்ஷா என்பதுதான் நிஜப் போட்டி. உடம்பு முழுக்க ஒரே நிறம் என்றால் கேன் தாராளமாகப் போதும். கூட்டுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, கூட்டைக் கடந்த பிறகே விரலை எடுக்க வேண்டும். ஒரே தடவையில் மூடிவிடப் பார்க்காமல் தூவல் தூவலாகப் போட வேண்டும். ஆனால் கேனில் வரும் அளவைக் குறைக்க வழியில்லை, இரண்டாம் நிறத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும். மாஸ்கிங் டேப்பின் ஓரத்தில் பெயிண்ட் தேங்கி வரப்புக் கட்டிவிடும்.

அங்கேதான் ஏர்பிரஷ் ஜெயிக்கிறது. 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், பால் பதத்துக்குக் கரைத்த அக்ரிலிக். வெளிர் நிறத்தை முதலில் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் டேப் ஒட்டி, அந்த ஓரத்தில் மறுபடியும் அதே வெளிர் நிறத்தை லேசாகத் தூவுங்கள். டேப்புக்கு அடியில் கசிய இருப்பது கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். நிறம் ஒன்றே என்பதால் கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் அடர் நிறத்தை அடித்து டேப்பை எடுத்தால் கோடு கத்தியால் வெட்டினது போல் இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு கழுவும் வேலை இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கோட்டுக்காகவே அதைச் செய்யலாம்.

எனாமல் அழகாகப் பரவும், ஆனால் காய நாள்கணக்காகும். பழைய வழிகாட்டிகளில் ஃப்ளோக்வில், பாலி ஸ்கேல் என்று பெயிண்ட் பிராண்டுகள் வரும். இரண்டும் 2013இல் நிறுத்தப்பட்டவை, தேடி அலைய வேண்டாம்.

டீகலில், அதாவது எஞ்சின் மேல் ஒட்டும் அச்சிட்ட எழுத்துகளில், இரண்டு வழி: தாளிலிருந்து தேய்த்து ஒட்டும் டிரை டிரான்ஸ்பர், தண்ணீரில் நனைத்து மெல்லிய படலத்தோடு நழுவவிடும் வாட்டர்ஸ்லைடு. டிரை டிரான்ஸ்பரில் எழுத்தைச் சுற்றிப் படலமே இருக்காது, சமதளத்தில் அதன் துல்லியத்துக்கு ஈடில்லை. ஆனால் தேய்த்தது தேய்த்ததுதான், நகர்த்த முடியாது. ரிவெட் மேல் எழுத்து உடையும். நிஜத்தில் 16 சென்டிமீட்டர் உயர எழுத்து இங்கே 1 மில்லிமீட்டர்தான், அதை ஒரே முயற்சியில் நேராக வைக்க நல்ல கை வேண்டும். என்-ஸ்கேலுக்கு நான் சொல்வது வாட்டர்ஸ்லைடு.

அதன் குறை, சுற்றியுள்ள படலம் வெள்ளியாக மினுங்குவது. சொரசொரப்பான மேட் பரப்பில் படலத்துக்கு அடியில் காற்று சிக்குவதால் வருவது அது. அதனால் டீகலுக்கு முன் வழவழப்பான பளபளப்புப் பூச்சு கட்டாயம். எழுத்தை ஒட்டி வெட்டி, தண்ணீரில் நனைத்து எடுத்து, டீகலைப் பிடிக்க வைக்கும் மைக்ரோ செட் திரவம் தடவிய இடத்தில் காகிதத்திலிருந்து நழுவ விடுங்கள். இடம் சரியானதும் ஈரத்தை ஒற்றி எடுத்து, மேலே படலத்தை இளக்கும் மைக்ரோ சால் திரவம். சற்று நேரத்தில் படலம் சுருங்கி, கெட்டுப்போனது போலத் தெரியும். அந்த நேரத்தில் விரல் படவே கூடாது. காயக் காயத் தானாகப் படிந்து, கிரில் பள்ளத்துக்குள்ளும் இறங்கிவிடும். எங்காவது மினுக்கம் மிஞ்சினால் ஊசிமுனையால் குத்தி இன்னொரு சொட்டு விடுங்கள்.

வீட்டிலேயே அச்சடிக்கலாமா? கறுப்பு எழுத்துக்குச் சரி. இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடும் முன் தாளுக்குக் கிளியர் கோட் அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மை கரைந்துவிடும். சாதாரண பிரிண்டர் வெள்ளை நிறத்தை அச்சடிக்காது. அடர் நிற எஞ்சினுக்கு வெள்ளை எழுத்து என்றால் அச்சிட்ட தாளையே வாங்கிவிடுங்கள்.