கான்ட்ரா அருவியில் ஐந்து பெட்டிகள்

அக்கா பிள்ளைகள் ஓசூரிலிருந்து லீவுக்கு வந்து இறங்கினால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே டிவிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். பெரியவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. "மாமா, இந்த வருஷம் புதுசா என்ன?" தருமபுரியில் சிலர் புறா வளர்க்கிறார்கள், சிலர் சேவல் வளர்க்கிறார்கள். நான் கேம் பெட்டி வளர்க்கிறேன். இப்போதைக்கு ஐந்து உருப்படி. "பசங்களுக்குப் பழைய கேம் வாங்கித் தரணும், எதை வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதுவரை வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மே மாதம் இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒழுங்காக ஆடிப் பார்த்தாயிற்று.

பரீட்சை ஒன்றுதான். கான்ட்ராவின் மூன்றாவது கட்டம், அருவி. 1988இல் கொனாமி நிறுவனம் வீட்டு டிவி கேமுக்கு வெளியிட்ட அந்தத் துப்பாக்கிச் சண்டை கேமை ஆடியவர்களுக்கு இந்த இடம் மறந்திருக்காது. இரண்டு பேரும் பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருத்தர் அவசரப்பட்டு மேலே போனால் திரையும் கூடவே நகரும். கீழே தங்கியவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவார். எதிரி சுடவே வேண்டாம், கூட ஆடுகிறவனே போதும். இந்தக் கட்டத்தைத் தாண்ட மூன்று விஷயம் வேண்டும்: அழுத்தியதும் குதிக்கிற பட்டன், ஒழுங்காக வேலை செய்கிற இரண்டாவது ரிமோட், "ஏய் நில்லுடி!" என்று கத்தினால் கேட்கிற தூரத்தில் இன்னொரு ஆள். எத்தனை கேம், எத்தனை ஜிபி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூத்தவரிடமிருந்து தொடங்குகிறேன். 1990களில் எங்கள் வீட்டுக்கு வந்த டிவி கேம். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல். திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. பலகை நடுவில் கறுப்பாக ஒரு பசைச் சொட்டு, அதற்கடியில்தான் முழு கேமும். அது போனால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. நல்லவேளை, அது சீக்கிரம் போவதில்லை. போவதெல்லாம் 9 வோல்ட் அடாப்டரும் ரிமோட் ஒயரும்தான்.

கேசட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் எல்லோரும் ஊதி ஊதிப் போட்டோம். ஊதியதால் கேம் வந்ததென்று நினைத்தோம். கழற்றித் திரும்பச் சொருகியதில் 60 பின்னும் சரியாக உட்கார்ந்தன, அவ்வளவுதான் விஷயம். வாயிலிருந்து போன ஈரம் பின்னைக் கறுக்கத்தான் வைத்தது. இப்போது நான் பென்சில் ரப்பரால் பின்னை மெதுவாகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துப் போடுகிறேன். முப்பது வருஷக் கேசட் முதல் தடவையிலேயே வருகிறது. மருமகனுக்கு இதைக் காட்டிக்கொண்டிருந்தபோதே சின்னவள் அடுத்த கேசட்டை எடுத்து ஊதிவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரத்தத்திலேயே வருகிறது போல.

இந்தப் பெட்டிக்கு ஜோடி, பரணிலிருந்து இறக்கிய கலைஞர் டிவி. 2006 தேர்தலில் வாக்குறுதி கொடுத்து, பிறகு வீடு வீடாக வந்ததே, அந்த 14 அங்குலக் கலர் டிவி. எங்கள் தெருவில் பாதி டிவி பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. எங்கள் வீட்டில் அம்மா விடவில்லை. பழைய கேம் ஆடுகிறவனுக்கு அது பொக்கிஷம். பிக்சர் டியூப் டிவி, சிக்னல் வர வர வரி வரியாக அப்படியே வரைந்துவிடும். படத்தை வாங்கி வைத்துக்கொண்டு யோசிக்காது. புது எல்இடி டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, அழகுபடுத்தி, அப்புறம்தான் காட்டும். இந்த வித்தியாசத்தை நான் விளக்கவே இல்லை. ஐந்து நிமிஷம் ஆடிவிட்டு எட்டு வயதுக்காரி சொன்னாள்: "இதுல நான் சொன்ன உடனே குதிக்குது மாமா."

துப்பாக்கி கேம் வேண்டுமென்றால் வேறு வழியே கிடையாது. டக் ஹன்டில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். எல்இடி டிவியில் அந்த வெளிச்சம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் குறி தவறிவிட்டது என்று கேம் முடிவு கட்டிவிடும். புது டிவி வாங்கியதும் துப்பாக்கி கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

அருவிப் பரீட்சையில் பட்டனுக்கு முழு மதிப்பெண். ஆனால் இரண்டாவது ரிமோட்டில் 'மேலே' பட்டன் செத்துவிட்டது, உள்ளே கறுப்பு ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறது. ஒயரும் குட்டை. டிவியிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்தால் பெட்டியே இழுத்துக்கொண்டு வரும்.

அடுத்தது, இன்றைக்கு எல்லோரும் வாங்குகிற ஹெச்டிஎம்ஐ கேம் ஸ்டிக். பென்டிரைவ் மாதிரி ஒன்று, ஒயர் இல்லாத இரண்டு ரிமோட், "10,000 கேம்" என்று கொட்டை எழுத்தில் அட்டை. நான் வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். மூன்றாவது வாரம் ஆன் செய்தால் கறுப்புத் திரை. கடைக்காரர் "டிவியில கோளாறா இருக்கும்" என்றார். இல்லை, உள்ளே போட்டிருந்த மெமரி கார்டு போய்விட்டது. கேம், மெனு எல்லாமே அந்தக் கார்டில்தான் இருக்கிறது. மலிவான கார்டு, எப்போது வேண்டுமானாலும் போகும். இதை வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் முதல் நாளே கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் முழுசாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின் கார்டு ஒன்றில் அதை ஏற்றிப் போட்டால் ஸ்டிக் பிழைத்துவிடும். என்னுடையது அப்படித்தான் பிழைத்தது.

பத்தாயிரம் என்ற கணக்கைப் பற்றி. 9999 கேம் என்று எழுதியிருந்த கேசட் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ஏழெட்டு கேம்தான் இருக்கும். அதையே இரண்டாம் கட்டத்திலிருந்து, மூன்றாம் கட்டத்திலிருந்து என்று வேறு வேறு பெயரில் போட்டிருப்பார்கள். ஸ்டிக்கில் இருப்பதும் அதே வம்சம்தான். ஒரே கேமின் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, யாரோ வண்ணம் மாற்றியது என்று வரிசையாக நிற்கும். பிள்ளைகள் ஆடுவதைவிட மெனுவில் மேலும் கீழும் ஓட்டுகிற நேரம்தான் அதிகம். எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆடவில்லை.

அதைவிடப் பெரிய வியாதி தாமதம். இந்த கேம்கள் நொடிக்கு 60 படம் காட்டுகின்றன. ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லி செகண்ட். ஒயரில்லாத மலிவு ரிமோட் கொஞ்சம் தின்னும், ஸ்டிக்கில் ஓடுகிற எமுலேட்டர் (பழைய பெட்டி மாதிரி நடிக்கிற மென்பொருள்) கொஞ்சம் தின்னும், மிச்சத்தை டிவி தின்னும். மூன்றும் சேர்ந்து 100 மில்லி செகண்டைத் தாண்டினால், நீங்கள் அழுத்தி ஆறு படம் போன பிறகுதான் ஆள் குதிப்பான். அதற்குள் அருவியில் பாறை போயிருக்கும். டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பாதி நோய் தீரும். மீதி தீராது. மருமகன் நாலு தடவை செத்துவிட்டு ரிமோட்டைத் தங்கையிடம் தூக்கிப் போட்டான். "நீயே ஆடு, இது சொன்ன பேச்சு கேக்கல."

மூன்றாவது, சோனியின் பிளேஸ்டேஷன் 2, சுருக்கமாக பிஎஸ்2. 2000இல் வந்து, உலகம் முழுவதும் 16 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. நம் ஊர்ப்பக்கம் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆட விட்ட கேம் சென்டர்களில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. கான்ட்ரா இதன் வேலை இல்லை என்பதால் அருவிப் பரீட்சையிலிருந்து விலக்கு கொடுத்து, ஸ்மாக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெயின் என்ற மல்யுத்த கேமையும் கிரிக்கெட் 07ஐயும் போட்டேன். இரண்டு பிள்ளைகளும் ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. ரிமோட் என்றால் இதுதான் ரிமோட். இருபது வருஷம் கழித்தும் கைக்குள் அப்படிப் பொருந்துகிறது.

பழசாக வாங்க ஓசூர் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய் வந்தேன். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைக்காரர் ஒரு சிடி போட்டுக் காட்டினால் திருப்தியாகிவிடக் கூடாது. நீலநிற அடிப்பக்கம் உள்ள சிடி ஒன்று, வெள்ளி நிறத்தில் உள்ள டிவிடி ஒன்று, இரண்டையும் போடச் சொல்லுங்கள். லென்ஸ் களைத்திருந்தால் ஏதாவது ஒன்றை மட்டும் படிக்கும். பென்டிரைவில் கேம் ஓடும் என்று சொல்லி விற்பார்கள். ஓடும்தான். ஆனால் பெட்டியில் இருப்பது யூஎஸ்பி 1.1, மாட்டுவண்டி வேகம். கேமுக்கு நடுவில் வரும் வீடியோக்கள் விக்கி விக்கி வரும். எல்இடி டிவியில் மஞ்சள் ஒயரில் மாட்டினால் படம் எண்ணெய் பட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத் தெரியும். இதற்கும் கலைஞர் டிவிதான் மருந்து.

கையடக்கப் பெட்டி ஆர்36எஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றரை அங்குலத் திரை, 640க்கு 480 புள்ளிகள். ஃபேமிகாம் படத்தின் உயரம் 240 புள்ளி. சரியாக இரண்டு மடங்கு. அதனால் படம் கத்தி முனை மாதிரி இருக்கும். மத்தியானம் கரண்ட் போனபோது வீட்டில் உயிரோடு இருந்த ஒரே பெட்டி இதுதான். சேலம் பஸ்ஸிலும் எடுத்துப் போகலாம், தொப்பூர் கணவாய் வளைவில் மட்டும் உள்ளே வைத்துவிடுங்கள், குமட்டும். ஆனால் ஒருத்தர் ஆட, ஒருத்தர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். அண்ணன் தங்கைக்கு நடுவில் இதைக் கொடுப்பது சண்டைக்கு விதை போடுவது மாதிரி. அருவியில் தோல்வி.

ஐந்தாவதைப் பிள்ளைகள் பெட்டியாகவே மதிக்கவில்லை. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் என் தம்பிக்குக் கிடைத்தது. பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் ஒயரில் டேப் சுற்றியிருக்கிறது. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, பழைய கேம்களை ஓட்டுகிற ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளை ஏற்றினேன். ஒயர் உள்ள யூஎஸ்பி ரிமோட் இரண்டு, ஒரு ஹெச்டிஎம்ஐ ஒயர். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள்தான்.

இதில் ஸ்டிக்கில் இல்லாத ஒரு வித்தை உண்டு. ரன்-அஹெட் என்று பெயர். பட்டனை அழுத்திய பிறகு ஒன்றிரண்டு படம் காத்திருந்து குதிக்கிற வழக்கம் பல பழைய கேம்களின் உள்ளேயே இருக்கிறது. ரெட்ரோஆர்ச் அந்தப் படங்களை மறைவாக முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிட்டு, முடிவை உடனே காட்டிவிடும். ஒரே கேமை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிற வேலை என்றாலும், ஃபேமிகாம் அளவு சின்னப் பெட்டிக்கு இந்தக் கிழட்டு லேப்டாப்பின் சக்தியே தாராளம். டிவியிலும் கேம் மோட் போட்டேன். கலைஞர் டிவி அளவு இல்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டாம் நாள் சாயந்திரம் இரண்டு பேரும் அருவி உச்சிக்கு ஏறினார்கள். அதுவரை சின்னவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கேமை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். இணையத்தில் கொட்டிக் கிடப்பவை பெரும்பாலும் உரிமம் இல்லாத பிரதிகள், ஸ்டிக்கில் வருபவையும் அப்படித்தான். நேர்வழியில் வேண்டுமென்றால் 2019இல் கொனாமியே வெளியிட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் இருக்கிறது; கம்ப்யூட்டருக்கும் உண்டு, பிஎஸ்4க்கும் உண்டு.

பிஎஸ்4க்கு உண்டென்றால் பிஎஸ்5இலும் ஓடும். கிருஷ்ணகிரியில் ஒரு நண்பன் வீட்டில் அதையும் பார்த்துவிட்டோம். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் போடுகிற மாடல் 49,990 ரூபாய், கூடுதல் ரிமோட் ஒன்று 5,990, சோனியின் புது கேம் ஒன்று 4,999. பழைய பிஎஸ்2 டிஸ்க்கைப் போட்டால் வாங்காது. இட் டேக்ஸ் டூ என்ற கேமைப் போட்டான். இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாத கேம். அற்புதம், மறுக்க மாட்டேன். அவ்வளவு பணம் இருப்பவர்கள் அதை வாங்கலாம், என்னிடம் கேட்டு வருகிறவர்கள் அவர்கள் இல்லை. அக்கா பெண் ஆடி முடித்து வெளியே வந்ததும், "அந்த வீட்ல சோபா ரொம்பத் தள்ளி இருக்கு மாமா" என்றாள்.

ஆகவே இனி யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். பழைய லேப்டாப் வீட்டில் தூங்கினால் காசு செலவழிக்காதீர்கள், இரண்டு ஒயர் ரிமோட் மட்டும் வாங்குங்கள். லேப்டாப் இல்லை, பிள்ளைகளுக்கு மல்யுத்தமும் கிரிக்கெட்டும்தான் வேண்டுமென்றால், டிஸ்க் இரண்டையும் போட்டுப் பார்த்து பிஎஸ்2. ஒற்றைப் பிள்ளை, நிறையப் பயணம் என்றால் கையடக்கம். ஸ்டிக் வேண்டாம். கலைஞர் டிவி பரணில் இருந்தால் விற்காதீர்கள், இரும்புக்காரர் கொடுப்பது ஒரு கூடை மாம்பழத்துக்குக் காணாது.

லீவு முடிந்து பிள்ளைகள் போன அன்று டிவி கேமின் இரண்டாவது ரிமோட்டைத் திறந்து, பழைய டிவி ரிமோட் ஒன்றிலிருந்து கறுப்பு ரப்பர் வெட்டி ஒட்டினேன். 'மேலே' பட்டன் இப்போது வேலை செய்கிறது. 'கீழே' போய்விட்டது.