செட்டிநாட்டில் மடிக்கணினியோடு: இலவச வைஃபைக்கு எங்கே உட்கார்வது?

செட்டிநாட்டின் எழுபத்துச் சொச்சம் ஊர்களுக்கு இப்போது மடிக்கணினியோடு வருகிறவர்கள் பல வகைப்படுவர். கல்யாணத்துக்கோ முன்னோர் வழிபாடான படைப்புக்கோ சொந்த ஊர் வந்து, விடுப்புப் போதாமல் வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உட்கார்ந்தபடியே அலுவலக வேலை பார்ப்பவர்கள் உண்டு. ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் படமெடுத்து அன்றைக்கே ஊருக்கு அனுப்பியாக வேண்டியவர்கள் உண்டு. காரைக்குடியின் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் வேலையாக வருபவர்களும் உண்டு. காசு கொடுக்காமல் இணையம் எங்கே கிடைக்கும் என்பது இவர்கள் எல்லாருக்கும் பொதுவான கேள்வி. இடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வேகத்தை மட்டும் வைத்து அவற்றை ஒப்பிடுவது பயன் தராது. எவ்வளவு நேரம் உட்காரவிடுவார்கள், பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, உள்ளே நுழைய எதைக் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது உண்மையில் மலிவு என்பது தெரியும்.

முதலில் ரயில் நிலையம். பொதுத்துறை நிறுவனமான ரயில்டெல், கூகுளோடு சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய நிலைய வைஃபை, 2020-இல் கூகுள் விலகிக்கொண்ட பிறகும் நிற்கவில்லை. இன்று 6,100-க்கும் மேற்பட்ட நிலையங்களில் ‘ரயில்வயர்’ என்ற பெயரில் அது இயங்குகிறது. ஒரு கைபேசி எண்ணுக்கு நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்பது அதன் விதி. இந்த எண்களைக் கணக்காக மாற்றினால் நிலவரம் புரியும். 30 நிமிடமும் ஒரு நொடிகூட வீணாகாமல் ஓடினாலும் மொத்தம் 225 மெகாபைட்தான் தேறும். மின்னஞ்சல் பார்ப்பதற்கும், பயணச்சீட்டு எடுப்பதற்கும், ஒரு நீண்ட ஆவணத்தை அனுப்புவதற்கும் இது தாராளம். ஒவ்வொன்றும் 5 மெகாபைட் இருக்கும் 100 படங்களை அனுப்ப நினைத்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தேவைப்படும். அதாவது பாதிக்கும் முன்னரே இலவச நேரம் முடிந்துவிடும். குரல் வழிப் பேச்சுக்கு இந்த வேகம் போதும், முகம் காட்டிப் பேசும் கூட்டத்துக்குத் தடுமாறும்.

இங்கே சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. பயணம் செய்யாதவர் இந்த இலவசத்தைப் பெற நடைமேடைச் சீட்டு எடுக்க வேண்டும். அதன் விலை 10 ரூபாய், அது செல்லுபடியாகும் நேரம் இரண்டு மணி. ரயில்டெல் 2021 மார்ச்சில் கொண்டுவந்த கட்டணத் திட்டங்களிலும் மிகச் சிறியது இதே 10 ரூபாய்தான். அதற்கு ஒரு நாளைக்கு 5 ஜிகாபைட், நொடிக்கு 34 மெகாபிட் வரை வேகம். அந்த வேகம் முழுதாகக் கிடைத்தால் 5 ஜிகாபைட்டும் இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். ஆகவே ரயிலுக்காகக் காத்திருப்பவருக்கு 30 நிமிட இலவசம் லாபம். வேலைக்காகவே நிலையம் தேடி வருபவர் இன்னொரு 10 ரூபாயும் கொடுத்துவிடுவதே லாபம். காரைக்குடிச் சந்திப்பில் நடைமேடையின் நடுப்பகுதியில் உட்கார்வது நல்லது. கடைசிப் பெட்டி நிற்கும் முனைக்குப் போனால் திரையில் பெயர் மட்டும் தெரியும், பக்கம் திறக்காது. வண்டி வந்து நிற்கும் நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கைபேசியைத் திறப்பதால் வேகம் படுத்துவிடும். அது கிளம்பிய பிறகு உள்ள அமைதியான நேரமே வேலைக்கு ஏற்றது. கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாடு என்றே பெயர் கொண்ட நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு அதை நம்பி வேலையைத் திட்டமிட வேண்டாம். சில வண்டிகளே நிற்கும் சிறிய நிலையம் அது.

அடுத்தது தங்குமிடம். இதில்தான் செட்டிநாடு மற்ற ஊர்களிலிருந்து விலகி நிற்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கடியாபட்டி போன்ற ஊர்களில் பழைய வீடுகள் பல இப்போது விடுதிகளாகியிருக்கின்றன. அறை எடுத்தவருக்கு வைஃபை இலவசம் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த வீடுகள் ரேடியோ அலைகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த கனத்த சுவர், பர்மாத் தேக்கில் இழைத்த கதவு, தெருவுக்குத் தெரு நீளும் மனை ஆகிய மூன்றும் சேர்ந்து முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னலை வளவை அடுத்துள்ள இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் தேய்த்துவிடுகின்றன. சுவர் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பலவீனமானது, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஒரே விடுதியில் இரண்டு பெயர்கள் தெரிந்தால், ரூட்டருக்கு எதிரே இருப்பவர் 5-ஐயும், அறைக்குள் இருப்பவர் 2.4-ஐயும் எடுப்பது முறை.

இந்த வீடுகளின் அமைப்பே இதற்கு ஒரு தீர்வையும் வைத்திருக்கிறது. வாசலில் நின்றால் முகப்பு, பட்டாலை என்ற கூடம், வளவு, இரண்டாம் கட்டு என்று கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்து பின்வாசல் வரை பார்வை போகும். பார்வை போகும் வழியில் சிக்னலும் போகும். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. அதே அறையின் வாசலுக்கு வெளியே, நேர்கோட்டை ஒட்டிய தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டால் படம் தங்குதடையின்றி ஓடும். ஒரு விடுதியில் அறைக்குள் ஒன்றும் வரவில்லை என்று கேட்டபோது, பணியாளர் சாதாரணமாகச் சொன்ன பதில் இதுதான்: “ரூட்டர் முகப்புல இருக்குண்ணே, நீங்க இங்கிட்டு வந்து உக்காருங்க.” பட்டாலையில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியைக்கூடக் கவனிக்கலாம். அதன் பின்புறப் பூச்சு உலோகம் என்பதால் அலையைத் திருப்பி அனுப்பும். ரூட்டருக்கும் நமக்கும் நடுவே ஆளுயரக் கண்ணாடி நிற்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. தாழ்வாரத்தில் இருக்கும் ஒரே குறை, வளவின் வெளிச்சம் திரையில் விழுந்து நண்பகலில் எழுத்தே தெரியாமல் போவது. பிளக் பாயிண்ட்டும் தூணுக்குத் தூண் இருக்காது.

வேலைக்காகத் தங்குபவர், அறையை உறுதி செய்யும் முன் விடுதிக்குப் பேசி, வைஃபை இருக்கிறதா என்று கேட்காமல், ரூட்டர் வீட்டின் எந்தக் கட்டுக்குள் இருக்கிறது, ஒன்றா பலவா என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு எப்போதும் “இருக்கு” என்ற பதில் வரும். இரண்டாவதற்குத்தான் உண்மையான பதில் வரும். காரைக்குடி பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள சாதாரண லாட்ஜுகளில் அழகு குறைவு, சுவரும் மெல்லிசு. இணையத்துக்கு அது நல்லது. ஆனால் ரிசெப்ஷனில் இருப்பவருக்குக் கடவுச்சொல் தெரியாமல், மேனேஜர் வரும்வரை காத்திருக்கச் சொன்ன இடமும் உண்டு.

கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெருநகரக் காபிக் கடைகளைப் போல மணிக்கணக்கில் மடிக்கணினி விரித்து உட்காரும் வழக்கம் இங்கே பரவவில்லை. மெஸ்ஸில் இலை போட்டதும் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். பேக்கரியில் மேசை இருந்தாலும் பின்னால் ஆள் நிற்பார்கள். கேட்டால் கடவுச்சொல் தருவார்கள், அது கடைக்காரரின் சொந்த இணைப்பு என்பதை நினைவில் வைத்து சிறு வேலையோடு முடித்துக்கொள்வது மரியாதை.

நூலகமும் பல்கலைக்கழகமும் எல்லாருக்குமானவை அல்ல. கிளை நூலகத்தில் நாற்காலியும் மின்விசிறியும் உறுதி, வைஃபை உறுதியில்லை; விசாரித்துவிட்டுப் போக வேண்டும். பல்கலைக்கழகத்துக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ விருந்தினராக வருபவர், அழைத்த துறையிடமே தற்காலிகக் கணக்குக் கேட்டுவிடுவது எளிது. சொந்த நிறுவனம் எடுரோம் என்ற, கல்வி நிறுவனங்களுக்கான பொது வைஃபை வலையத்தில் இருந்தால், வளாகத்தில் அந்தப் பெயர் தெரிகிறதா என்று ஒரு முறை தேடிப் பார்க்கலாம்; தெரிந்தால் தன் நிறுவனத்தின் கணக்கையே கொண்டு உள்ளே நுழையலாம், வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பி.எம்.வாணி என்ற திட்டம், எழுத்தில் பார்த்தால் இப்படிப்பட்ட ஊர்களுக்கென்றே வகுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்தில் பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல், கட்டணம் செலுத்தாமல் வைஃபை விற்கலாம். பயணி ஒரு செயலியை நிறுவி, அருகிலுள்ள இணைப்பிடங்களைப் பார்த்து, சில ரூபாய்க்கு வவுச்சர் வாங்கலாம். இது இலவசமல்ல, ஆனால் இலவசத்துக்கு மிக அருகில் வரும். ஆயினும் கடைத்தெருவில் இது எதிர்பார்த்த அளவுக்குப் பரவாததற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குத் தரும் விலையில் இணைப்பைக் கடைக்காரருக்குத் தராமல், பல மடங்கு விலையுள்ள தனி இணைப்பை எடுக்கும்படி சேவை நிறுவனங்கள் கேட்டுவந்தன. 200 மெகாபிட் வரையிலான வீட்டு இணைப்புக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் இவர்களிடம் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில்தான் ஆணையிட்டது. எனவே இன்றைக்குச் செயலியைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை, அதை நம்பிக் கிளம்புவது சரியல்ல.

இவை எல்லாவற்றுக்கும் உண்மையான போட்டியாளர், சட்டைப் பையில் இருக்கும் கைபேசிதான். நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிகாபைட் தரும் ரீசார்ஜை ஏற்கெனவே செய்திருப்பவருக்கு ஹாட்ஸ்பாட் என்பது கூடுதல் செலவில்லாத இணையம். நிலைய இலவசத்தின் 225 மெகாபைட்டைப் போல இது பல மடங்கு. ஆனால் மடிக்கணினி பசி மிகுந்தது. விண்டோஸ் தனக்குத் தோன்றிய நேரத்தில் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கினால் காலை பத்து மணிக்குள் அன்றைய அளவு தீர்ந்து, வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகச் சரியும். அமைப்புகளில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிட்டால் பெரிய இறக்கங்கள் பெருமளவு நின்றுவிடும். மேகச் சேமிப்பின் ஒத்திசைவையும் நிறுத்தி வைக்க வேண்டும். கனத்த சுவர் கைபேசி கோபுரத்தின் அலைக்கும் கனத்த சுவர்தான் என்பதால், கைபேசியை வளவில் வைத்துவிட்டு மடிக்கணினியோடு அறைக்குள் இருப்பது பலன் தரும். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி நாளிலும், நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் கிளம்பும் தைப்பூசக் காலத்திலும் கூட்டம் சேருமிடத்தில் கோபுரம் திணறும். அன்றைக்கு மட்டும் விடுதியின் கம்பிவழி இணைப்பு முந்திக்கொள்ளும்.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினர்களுக்கு இந்த வரிசை மாறும். பொது வைஃபையில் நுழைபவரை அடையாளம் கண்டு வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009-இலேயே அறிவுறுத்தியதால், பெரும்பாலான இடங்கள் இந்தியக் கைபேசி எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்புகின்றன. வெளிநாட்டு எண் வைத்திருப்பவர் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார். அத்தை மகனின் எண்ணைக் கொடுத்து ஓடிபி வாங்குவது நடக்கிறது. ஆனால் அந்த இணைப்பில் நடப்பதெல்லாம் அவர் பெயரில் பதிவாகும் என்பதை இருவரும் அறிந்திருக்க வேண்டும். இவர்களுக்கு விடுதி வைஃபையே முதலிடம். அடுத்தது பிரவுசிங் சென்டர். 2011-இன் விதிகள்படி அங்கே அடையாள அட்டை காட்ட வேண்டும்; பாஸ்போர்ட்டே போதும், கூடவே அச்செடுப்பும் ஸ்கேனும் கிடைக்கும்.

பாதுகாப்பில் எல்லா இலவசமும் ஒன்றல்ல. கடவுச்சொல் கேட்காத திறந்த வைஃபையில் காற்றில் போகும் தகவல் குறியாக்கம் இல்லாமல் போகும். இன்றைய வங்கித் தளங்கள் தம் பக்கத்தைத் தாமே குறியாக்கிவிடுவதால் முன்னளவு அபாயம் இல்லை என்றாலும், நிலையத்தின் பெயரிலேயே யாரும் ஒரு ஹாட்ஸ்பாட்டை உருவாக்கிப் போலி நுழைவுப் பக்கம் காட்ட முடியும். நுழைவுப் பக்கம் கைபேசி எண்ணையும் ஓடிபியையும் தாண்டி மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ வங்கி அட்டையின் பின்புற மூன்று இலக்கத்தையோ இலவசத்துக்காகக் கேட்டால் மூடிவிட வேண்டும். மடிக்கணினி முதல்முறை இணையும்போது வலையமைப்பைப் ‘பப்ளிக்’ என்று தேர்ந்தெடுப்பதும், வேலை முடிந்ததும் அந்தப் பெயரை மறக்கச் செய்வதும் பழக்கமாக வேண்டும். நுழைவுப் பக்கமே திறக்காவிட்டால், இணைப்பைக் குறியாக்கி வேறு வழியில் அனுப்பும் வி.பி.என்-ஐ அணைத்து மீண்டும் முயலலாம். உள்ளே நுழைந்த பின் அதை மறுபடி இயக்கிக்கொள்ளலாம். பணம் அனுப்புவதை மட்டும் கைபேசியின் சொந்த டேட்டாவில் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

கடைசியாக மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று நாளிதழில் ஊர்ப் பெயரோடு அறிவிப்பு வரும். அந்த நாளில் விடுதி ஜெனரேட்டர் விளக்கையும் விசிறியையும் ஓட்டும், ரூட்டர் அதன் கணக்கில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். இல்லையென்றால், பேட்டரியில் ஓடும் கோபுரத்தை நம்பி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறலாம். அப்போது வைஃபைக்குப் பதிலாக யுஎஸ்பி வயரால் கைபேசியை மடிக்கணினியோடு இணைப்பது நல்லது: இணையமும் வரும், கைபேசிக்குச் சார்ஜும் ஏறும்.