சூடாஃபெட் 60 மி.கி. மாத்திரை: மூக்கைத் திறக்கும், ஆனால் எல்லோருக்கும் அல்ல

பிரிட்டனில் 12 மாத்திரை அட்டையாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் 60 மி.கி. சூடோஎஃபிட்ரின், மூக்கடைப்பை நீக்கும் மருந்துப்பொருள். பெரியவர்களுக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு 4க்கு மேல் கூடாது. மூக்கடைப்புக்கு நன்றாகவே கேட்கிறது. ராத்திரி போட்டால் தூக்கம் கெடும்.

பெட்டியின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இதே பெயரில் திறந்த அலமாரியில் இருப்பவற்றில் சிலவற்றில் உள்ளது ஃபினைல்எஃப்ரின் என்ற வேறு மருந்து. விழுங்கினால் அதன் பெரும்பகுதி ரத்தத்தில் சேருமுன்பே சிதைந்துவிடும். வாய்வழி ஃபினைல்எஃப்ரின் பலன் தருவதில்லை என்று சொல்லி, அதை விலக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 நவம்பரில் முன்மொழிந்தது. சூடோஎஃபிட்ரின் வேண்டுமென்றால் பார்மசிஸ்டிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தக் கேள்வி பதிலைத் தொல்லையாக நினைக்க வேண்டாம், அவசியமானதுதான்.

காரணம் இதுதான். நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்து, மூக்கோடு நிற்பதில்லை. மிக அரிதாக மூளைத் தமனிகளும் ஆங்காங்கே இறுகி, ஆஞ்சியோகிராமில் மணிமாலை போலத் தெரியும். மருத்துவர்கள் இதை ஆர்.சி.வி.எஸ். என்பார்கள். அடையாளம், ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் இடி விழுந்த மாதிரித் தலைவலி. தணிந்து, பல நாட்களுக்கு மறுபடி மறுபடி வரும். மூளையின் மேற்பரப்பில் கசியும் ரத்தம் பெரும்பாலும் முதல் வாரத்தில். அடைப்பால் வரும் பக்கவாதம் இரண்டாவது வாரவாக்கில். முதல் நாட்களில் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருக்கலாம். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து. குழாய்கள் மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வரும், செத்துப்போன திசு வராது.

ஐரோப்பிய மருந்து முகமை 2023இல் ஆராய்ந்து, கட்டுக்குள் வராத அல்லது கடுமையான ரத்த அழுத்தமோ கடும் சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இது கூடாது என்றது. ஒற்றைத் தலைவலிக்கு டிரிப்டான், மனச்சோர்வுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுப்பவர்களும், அண்மையில் குழந்தை பெற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இந்த நோயைக் கிளப்பக்கூடிய காரணங்களாக அவையும் பட்டியலில் உள்ளன. இன்னொரு சளி மருந்தோடு சேர்த்தும் போடாதீர்கள். அதிலும் இதே பொருள் இருக்கக்கூடும்.

அப்படித் தலைவலி வந்தால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு பிரிட்டனின் அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். டிரிப்டான் போட்டுத் தணிக்கப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். சாதாரண சளிக்கு உப்புநீர் ஸ்பிரேயே முதலில் போதும்.