எங்கள் ஊர் கிளினிக்கில் எச்.ஐ.வி. பரிசோதனை: ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், போய் வாருங்கள்

கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு பேரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று நான் கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் சொன்னேன், அவரும் மறுபேச்சில்லாமல் சரி என்றார். மலேசியாவில் முஸ்லிம் ஜோடிகளுக்கு இது கட்டாயம், 2001-இல் ஜொகூரில் தொடங்கி அப்புறம் மற்ற மாநிலங்களுக்கும் வந்தது. நமக்குக் கட்டாயம் இல்லாததால் எங்கள் தோட்டத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதே கிடையாது.

கிளினிக்குக்குப் போகக் கூச்சமாக இருந்ததால் முதலில் இணையத்தில் ஓராகுயிக் வாங்கினோம். வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவி, ஊசி இல்லை, ரத்தம் இல்லை. மேல் ஈறிலும் கீழ் ஈறிலும் ஒரு தடவை தேய்த்துக் குப்பியில் வைத்து 20 நிமிடம் காத்திருந்தால் போதும். இரண்டு பேருக்கும் ஒரு கோடுதான் வந்தது, அதாவது தொற்று தெரியவில்லை. கருவி நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2012-இல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அனுமதி கொடுத்தபோது, ஆட்கள் தாங்களாகவே செய்து பார்த்த சோதனையில், தொற்று உள்ள 12 பேரில் ஒருவருக்கு ‘இல்லை’ என்று காட்டியது. ‘இருக்கிறது’ என்று தவறாகக் காட்டுவது ஏறக்குறைய 5,000-இல் ஒன்றுதான். கடைசி மூன்று மாதத்துக்குள் ஒட்டிய தொற்று இதில் தெரியாமலும் போகலாம். இரண்டு கோடு வந்தாலும் முடிவு உங்கள் சமையலறையோடு நின்றுவிடும், கிளினிக்கில் உறுதிசெய்யாமல் மருந்தும் கிடைக்காது.

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பசியாறிவிட்டு அரசாங்க கிளினிக்குக்கே போனோம். பதிவுக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி, வேறு காசு கேட்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு தமிழ் மிசி (நர்ஸ்), ஐம்பது வயது இருக்கும். கதவைச் சாத்திவிட்டு, “பயப்படாதேம்மா, நல்ல காரியத்துக்குத்தான் வந்திருக்கே” என்று சொல்லிவிட்டுப் பொறுமையாக விளக்கினார். விரல் நுனியில் ஒரு குத்து, பேசி முடிப்பதற்குள் முடிவு வந்துவிட்டது. தொற்று என்று வந்தால் மறுபடியும் நரம்பில் ரத்தம் எடுத்து உறுதிசெய்வார்கள், அப்புறம் சிகிச்சை. அரசாங்கத்தில் முதல் நிலை மருந்து, அதாவது முதலில் கொடுக்கும் மருந்து, இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில் துணைக்குத் தொற்றாது என்றும் சொன்னார். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

பதிவுக்கு ஐசி (அடையாள அட்டை) எதற்கு என்று அவரிடம் கேட்டேன், விளக்கினார். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி, உறுதியான ஒவ்வொரு தொற்றையும் டாக்டர் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அது மாவட்டச் சுகாதார அலுவலகம் வழியாக நாட்டுக் கணக்குக்குப் போகிறது. ஒரே ஆள் இங்கே ஒரு தடவை, சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் ஒரு தடவை என்று இரண்டு பேராகப் பதிவாகிவிடக் கூடாது, இறந்தவர்களைக் கழிக்கவும் வேண்டும். ‘தொற்று தெரிந்து உயிரோடு இருப்பவர்கள் இத்தனை பேர்’ என்ற எண் அப்படித்தான் வருகிறது. இங்கிலாந்தில் பல வருடம் வேறு மாதிரி செய்தார்கள், அந்த வருடம் சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினார்கள், வராமல் போனவர் கணக்கில் விழமாட்டார். தெரியாமலே தொற்றோடு இருப்பவர்களை எந்த முறையிலும் எண்ண முடியாது, கணித்துத்தான் சொல்ல முடியும்.

அப்போது எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் போதை ஊசி போடுகிற கூட்டத்தோடு திரிந்தவர். உடம்பு ஒட்டிப்போய் தோட்டத்து லயன் வீட்டில் படுத்தே கிடந்து இறந்தார். எல்லாருக்கும் காய்ச்சல் என்றுதான் சொன்னோம். ரத்தப் பரிசோதனையே செய்யவில்லை, பயம், மானம். நாட்டில் முதல் தொற்று தெரிந்தது 1986-இல், 2002 ஒரு வருடத்தில் மட்டும் 6,978 பேர் புதிதாகப் பதிவானார்கள், அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஊசி வழியாகப் பரவியதுதான். சித்தப்பா உயிரோடு இருந்தபோதும் அந்தக் கணக்கில் இல்லை, இறந்த பிறகும் இல்லை. போதை ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சையும் ஊசி மாற்றித் தரும் திட்டமும் 2005, 2006-இல்தான் வந்தன, அவருக்கு அது எட்டவில்லை. கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் நாடு சாதித்திருக்கிறது. 1998 முதல் அரசாங்க கிளினிக்குகளில் அவர்களுக்கு வழக்கமாகப் பரிசோதனை செய்து, தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்ததாக 2018-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். கர்ப்பிணிக்கு அது சாதாரண ரத்தப் பரிசோதனைகளோடு ஒன்று, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. முறை வந்ததும் வெளியே இருந்த இளைய மிசி நடைபாதையில் நின்று “எச்.ஐ.வி. டெஸ்ட் யாரு?” என்று சத்தமாகக் கேட்டார். பெஞ்சில் கோயில் கமிட்டி அண்ணன் ஒருவர், என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவளின் அம்மா, பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நான்கு பேர். நான் எழுந்து போனேன், கை நடுங்கியது. என் இடத்தில் தொற்றுள்ள ஒரு பதினெட்டு வயதுப் பையன் இருந்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டான், வீட்டுக்குப் போயிருப்பான், நாட்டுக் கணக்கில் ஒருவர் குறைந்திருப்பார், அவனுக்கு மருந்தும் இல்லாமல் போயிருக்கும்.

கிளம்பும்போது மூத்த மிசியிடம் இதைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. அடுத்த மாதம் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவருடைய தம்பியையும் அழைத்துக்கொண்டு போகிறோம், லோரி ஓட்டுகிறவன், சனிக்கிழமைதான் ஊருக்கு வருவான், வேலை நாளில் வர லீவு எடுக்கச் சொல்லியிருக்கிறோம். இனி கதவருகே வந்து நம்பரை மட்டும் கூப்பிடச் சொல்கிறேன் என்று மிசி சொல்லியிருக்கிறார்.