பில்லில் 1 லிட்டர், பாக்கெட்டில் 850 மில்லி: மளிகை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் சூப்பர் மார்க்கெட்டில் மாத மளிகை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். விலையை ஏற்றாமல் அளவைக் குறைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அளவு குறைந்த பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பில்லில் பழைய அளவையே அடித்துத் தருகிறார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. ஊர் முழுக்கக் கிளைகள் உள்ள கடை. வழக்கமாக வாங்கும் சூரியகாந்தி எண்ணெய் 160 ரூபாய். ரேக்கில் ஒட்டியிருந்த சீட்டில் '1 லி' என்று இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு கம்பெனி எண்ணெய் 175 ரூபாய். யாராக இருந்தாலும் 160 ரூபாய் பாக்கெட்டைத்தான் எடுப்பார்கள், நானும் எடுத்தேன்.

வீட்டில் எண்ணெய் ஊற்றி வைக்கிற எவர்சில்வர் தூக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பாக்கெட் ஊற்றினால் கழுத்து வரை வரும், மூடியில் லேசாக எண்ணெய் படும். அன்றைக்கு இரண்டு விரல் கீழேயே நின்றுவிட்டது. பாக்கெட்டின் மூலையில் தங்கிவிட்டதோ என்று சுருட்டிப் பிழிந்தேன், கவிழ்த்து வைத்து வடித்தேன், நாலு சொட்டு வந்தது. அப்புறம்தான் கவரைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே மஞ்சள் கவர், அதே சூரியகாந்திப் பூ, அதே உயரம். கீழ் மடிப்புக்கு மேலே சின்ன எழுத்தில் '850 மி.லி.' என்று இருந்தது. பில்லை எடுத்துப் பார்த்தால் 'எஸ்.எஃப். ஆயில் 1 எல்'.

கவரையும் பில்லையும் எடுத்துக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "கம்பெனி அளவை மாத்திட்டாங்க மேடம். எங்க சிஸ்டத்துல பழைய பேருதான் ஓடுது" என்றார். சரி, ரேக்கில் ஒட்டியிருக்கிற சீட்டை யார் அச்சடித்தது என்று கேட்டேன். அதுவும் சிஸ்டத்தில் இருந்து வருவதாம். "எம்.ஆர்.பி.க்கு மேல ஒரு ரூபாகூட போடலையே மேடம்" என்று அடுத்த பதில். பிரித்த பாக்கெட்டைத் திருப்பி எடுக்க முடியாது என்பது கடைசிப் பதில். விலை ஏறினால் மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் அத்தனை சீட்டையும் மாற்றுகிறவர்கள், அளவு குறைந்தால் மட்டும் சிஸ்டத்தின் மீது பழி போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 850 மில்லி 160 ரூபாய் என்றால் லிட்டர் 188 ரூபாய் ஆகிறது. பக்கத்தில் இருந்த 175 ரூபாய் பாக்கெட் உண்மையிலேயே ஒரு லிட்டர். மலிவு என்று எடுத்ததுதான் விலை அதிகம். அளவில் 15 சதவீதம் குறைந்தால், விலை கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறியதற்குச் சமம்.

பாக்கெட் உணவுப் பொருட்களில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் 'யு.எஸ்.பி.' என்று ஒன்று அச்சடித்திருப்பார்கள். அதாவது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்பது. நம்மைப் போன்றவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே கட்டாயமாக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு லிட்டருக்குக் குறைந்த பாக்கெட் என்றால் மில்லிக் கணக்கில் போடுவார்கள். என் எண்ணெய்ப் பாக்கெட்டில் இருந்தது '0.19/மி.லி.'. சரியாக ஒரு லிட்டர் உள்ள பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யே லிட்டர் விலை என்பதால் தனியாகப் போட வேண்டியதில்லை. ஆக ஒரு பக்கம் 0.19, இன்னொரு பக்கம் 175. கையில் கூடை, பின்னால் வரிசை, இதில் யாருக்கு ஒப்பிடத் தோன்றும்? அந்தச் சின்ன எண்ணை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். 0.19 என்றால் சுமார் 190 ரூபாய். பைசாவை முழுமையாக்கிப் போடுவதால் ஐந்து ரூபாய் வரை முன்னே பின்னே இருக்கும், ஆனால் எது மலிவு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எண்ணெயில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில பாக்கெட்டுகளில் மில்லிக்குப் பதிலாகக் கிராம்தான் பெரிதாகத் தெரியும். எண்ணெய் தண்ணீரை விட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். '800 கிராம்' என்று பார்த்தால் அது ஒரு லிட்டர் இல்லை.

முன்பெல்லாம் இப்படி 850, 870, 430 என்று அவரவர் இஷ்டத்துக்குப் பாக்கெட் போட முடியாது. எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளில் எண்ணெய், டீத்தூள், காபித்தூள், பிஸ்கட், ரொட்டி, பருப்பு, மாவு, உப்பு என்று 19 வகைப் பொருட்களுக்கு இன்னின்ன அளவில்தான் விற்க வேண்டும் என்று ஒரு அட்டவணை இருந்தது. 2021இல் விதிகளைத் திருத்தி அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த யு.எஸ்.பி. எந்த அளவிலும் விற்றுக்கொள்ளலாம், கணக்கை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றாகிவிட்டது. என்னைக் கேட்டால் அந்த அட்டவணை இருந்தபோதுதான் சாதாரண ஜனங்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. எங்கள் தெருவில் கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் எத்தனை பேர் தனியாகப் போய் சாமான் வாங்குகிறார்கள்!

எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "என்ன அண்ணாச்சி, எல்லாப் பாக்கெட்டும் இப்படி மெலிஞ்சு போச்சு?" என்றேன். "நானாக்கா சுருக்குனேன்? அஞ்சு ரூபா பிஸ்கட்டை ஆறு ரூபான்னு சொன்னா வாங்குவீங்களா? அதான் ரூபாயை விட்டுட்டு உள்ள இருக்கிறதுல கை வைக்கிறான். ஜனங்க என்னவோ என்கிட்டதான் சண்டைக்கு வர்றாங்க" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளில்தான் இது மிக அதிகம். நீளம் குறையாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் தட்டு வைத்து, அதில் இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் சலுகையை விலையாகவோ எடையாகவோ நமக்குத் தந்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் தந்தார்களா என்று எடையைப் பாருங்கள்.

அளவு குறைவதையாவது கண்டுபிடித்துவிடலாம். தரம் குறைவதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கோபம். எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் காலைக் காபி சரியில்லை என்றால் அன்றைய பொழுதே சரியில்லை. கொஞ்ச நாளாக, "பாலை மாத்திட்டியாடி? காபி ரெண்டாவது டிகாக்ஷன் மாதிரி இருக்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபில்டரில் ஒரு ஸ்பூன் கூடப் போட்டும் பார்த்தார். நிறம் என்னவோ கன்னங்கரேல் என்றுதான் இறங்கியது, மணம் மட்டும் இல்லை. காபித்தூள் டப்பாவுக்குள் பழைய கவரை மடித்து வைப்பது அம்மாவின் வழக்கம். அதை எடுத்துப் புதுக் கவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதில் காபி 70, சிக்கரி 30. புதியதில் காபி 60, சிக்கரி 40. கவரின் நிறம், படம், பெயர் எதுவும் மாறவில்லை. 200 கிராம் பாக்கெட்டில் முன்பு 140 கிராம் காபி இருந்தது, இப்போது 120 கிராம்தான். விலையும் கூட்டியிருக்கிறார்கள்.

சட்டப்படி இதில் தவறு கிடையாது. காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல், சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் விற்கலாம், விகிதத்தைக் கவரில் போட்டாக வேண்டும், அவ்வளவுதான். அவர்களும் போட்டிருக்கிறார்கள். சிக்கரி நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தரும், காபியின் மணத்தைத் தராது. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து உலகச் சந்தையில் காபிக் கொட்டை விலை தாறுமாறாக ஏறியது உண்மைதான். அதை வெளிப்படையாகச் சொல்லி விலையை ஏற்றினால் புரிந்துகொள்வோம், வேண்டுமானால் கொஞ்சமாக வாங்குவோம். சொல்லாமல் சிக்கரியைக் கூட்டிவிட்டு, வயதானவரை அவருடைய நாக்கையே சந்தேகப்பட வைப்பது என்ன வியாபாரம்? இப்போது மேற்கு மாம்பலத்தில் கண் முன்னால் அரைத்துத் தரும் கடையில்தான் வாங்குகிறோம். பீபெரி, பிளான்டேஷன் என்கிற இரண்டு வகைக் காபிக் கொட்டையும் பாதிப்பாதி, சிக்கரி எவ்வளவு என்று நாமே சொல்லிக் கலக்கச் சொல்லலாம். விலை கூடத்தான், ஆனால் கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிகிறது.

இதே மாதிரி ஐஸ்கிரீம் டப்பாவையும் பாருங்கள். ஐஸ்கிரீம் என்று போட வேண்டும் என்றால் பால் கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும். தாவர எண்ணெயில் செய்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட வேண்டும். குழந்தைகள் படத்தைப் பார்த்து எடுக்கும் டப்பாக்களில் பாதி இரண்டாவது வகையாகத்தான் இருக்கிறது. பட்டர் பிஸ்கட் என்று வாங்குவதில் சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் தாண்டிக் கடைசியில் வெண்ணெய் வந்தால், அது பேருக்குப் போட்டது. பாலிலும் அரை லிட்டர் என்று நினைத்து எடுப்பது 450 மில்லியாக இருக்கலாம். கொழுப்பு அளவும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: டோன்ட் பால் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, நிறை கொழுப்பு 6. அரிசியில் நேர்மாறாக 26 கிலோ மூட்டை வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான மூட்டைக்கு 5 சதவீத வரி வந்ததால் ஒரு கிலோ கூட்டிக் கட்டினார்கள். அதனால் மூட்டை விலையை அப்படியே ஒப்பிடாமல் கிலோ விலையைக் கேளுங்கள்.

பிரான்சில் 2024 ஜூலை 1 முதல் பெரிய கடைகள், அளவு குறைந்து விலை குறையாத பொருளுக்குப் பக்கத்திலேயே இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. தென் கொரியாவிலும் சொல்லாமல் அளவைக் குறைத்தால் அபராதம். இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும், கவரின் முன்பக்கத்தில் 'முன்பு 1 லிட்டர், இப்போது 850 மில்லி' என்று போட வைக்க வேண்டும். அதுவரை நாம் புகார் கொடுக்காமல் இருந்தால் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை.

நான் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். பில், கவர், ரேக் சீட்டு மூன்றையும் படம் எடுத்து வைத்திருந்ததால் சொல்வது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கடையில் இருந்து ஃபோன் வந்தது. எண்ணெய்க்கான பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அந்த ஒரு சீட்டையும் மாற்றினார்கள். ஆனால் போன வாரம் போனபோது, பக்கத்து ரேக்கில் கடலை எண்ணெய்க்கு '1 லி' என்று சீட்டு, பாக்கெட்டில் 900 மில்லி. ஆகவே எடையளவுச் சட்டத்தைப் பார்க்கிற தொழிலாளர் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 500 கிராம் என்று போட்ட பாக்கெட்டில் 15 கிராம் வரை முன்பின் இருக்க விதியில் இடம் உண்டு. அதற்குப் புகார் கொடுத்தால் எடுபடாது. ரேக் சீட்டிலோ பில்லிலோ ஒரு அளவும் பாக்கெட்டில் வேறு அளவும் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பில்லில் மை சீக்கிரம் அழிந்துவிடும், அதனால் வாங்கிய அன்றைக்கே ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். அந்தப் பொருளைப் பயன்படுத்தி முடிக்கும் வரை கவரைக் குப்பையில் போடாதீர்கள்.