ஊஞ்சலை விற்கப் போய் 41,500 ரூபாயை இழந்தேன்: இணையத்தில் பழைய பொருள் விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று முன்தினம் பிற்பகல், இருபது நிமிட இடைவெளியில் இரண்டு தடவையாக, என் சேமிப்புக் கணக்கிலிருந்து 41,500 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான்.

கல்லிடைக்குறிச்சி வீட்டை விற்றபோது கூடத்தில் தொங்கிய தேக்கு ஊஞ்சலை மட்டும் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தோம். அடுக்குமாடி வீட்டில் சங்கிலி மாட்ட உத்தரம் ஏது? ஓராண்டாகச் சுவரோரம் சாய்ந்து கிடந்த பலகையையும் பித்தளைச் சங்கிலிகளையும் படம் எடுத்து, பழைய பொருள்களை விற்கவும் வாங்கவும் உள்ள ஒரு செயலியில் 18,500 ரூபாய் விலை குறித்துப் போட்டேன்.

பத்து நிமிடத்துக்குள் ஒருவர் வந்தார். கோயம்புத்தூரில் வீடு கட்டுவதாகவும், நேரில் வர நேரமில்லாததால் கூரியர் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் எழுதினார். வரிக்கு வரி ‘அக்கா’ என்றார். சங்கிலி எத்தனை அடி, பலகையில் விரிசல் உண்டா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. “பேரம் பேசாம ஒருத்தன் பொருள் வாங்க வாரான்னா, அங்கனயே முழிச்சிருக்க வேண்டாமா?” என்று என் மதினி பிறகு கேட்டார். வேண்டும்தான். ஆனால் அப்போது எனக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது.

பேச்சை வாட்ஸ்அப்புக்கு மாற்றிக்கொண்டு, பணத்தைக் கூரியர் நிறுவனத்திடம் கட்டிவிட்டதாகச் சொல்லி ஒரு லிங்க் அனுப்பினார். நான் ஏமாந்த இடம் இதுதான். திறந்த பக்கத்தில் செயலியின் நிறமும் சின்னமும் இருந்தன. அவற்றுக்குக் கீழே என் ஊஞ்சலின் படமே இருந்தது. நான் எடுத்த அதே படம், இடது மூலையில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கின் பாதி தெரிகிற படம். என் விளம்பரத்திலிருந்து அதை எவரும் எடுத்து ஒட்டலாம் என்பது உறைக்கவில்லை. ‘18,500 ரூபாயைப் பெற அழுத்தவும்’ என்றிருந்த இடத்தை அழுத்தினேன். டெபிட் கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கேட்டது, கொடுத்தேன். உடனே ஓடிபி வந்தது. அந்தக் குறுஞ்செய்தியிலேயே அது 18,500 ரூபாய் செலவுக்கான எண் என்றும், யாருக்கும் சொல்லக் கூடாது என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்தேன்.

வர வேண்டிய பணம் போயிருக்கிறதே என்று கேட்டதற்கு, “சர்வர் கோளாறு அக்கா, காப்புத்தொகை 4,500 சேர்ந்து 23,000 ஆகத் திரும்பும், இன்னொரு தடவை உறுதிசெய்யுங்கள்” என்றார். உறுதிசெய்தேன். அந்த 23,000 ரூபாயும் போயிற்று. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பிக் காப்பி போட்டுக் குடித்துவிட்டுக் காத்திருந்தேன் என்பதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. ஏழு மணிக்கு மகன் அழைத்துக் கேட்டபோது அந்த ஆளின் முகப்புப் படம் மறைந்திருந்தது.

வங்கியின் இலவச எண்ணில் கார்டை முடக்கினார்கள். அதற்கு மேல் கிளைக்குப் போகச் சொன்னார்கள். மறுநாள் கிளையில் இருந்த அலுவலர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “ஓடிபி போட்டது நீங்கள்தானே அம்மா?” என்றார். வாடிக்கையாளர் கவனக்குறைவால் ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளருடையது, தெரிவித்த பிறகு நேர்வதே வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறதாம். அப்படியானால் முதல் 18,500 போனதும் அந்த ஆளைக் கேட்காமல் வங்கியைக் கூப்பிட்டிருந்தால் மற்ற 23,000 பிழைத்திருக்கும். அந்த இருபது நிமிடத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

செயலிக்காரர்களோ, பரிமாற்றம் தங்கள் தளத்துக்கு வெளியே நடந்ததால் பொறுப்பில்லை என்று இயந்திரப் பதில் ஒன்றை அனுப்பினார்கள். மூன்று முறை எழுதியும் அதே வாசகம். நான்காவதாக வந்தது, ‘எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்ற கேள்வி. உறவினர் ஒருவர், திருநெல்வேலிக்காரிக்கே அல்வா கொடுத்துவிட்டானே என்று சிரித்தார். எனக்கு 41,500 ரூபாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் மட்டும் பொறுமையாகக் கேட்டு, பரிவர்த்தனை எண்களைக் குறித்துக்கொண்டு, புகார் எண் தந்தார்கள். ஆனால் நான் அழைத்தபோது பணம் வேறு கணக்குகளுக்குக் கை மாறிவிட்டிருந்தது.

விற்பவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பணம் வாங்குவதற்கு ஓடிபியோ, கார்டின் பின்பக்க எண்ணோ, யுபிஐ பின்னோ, க்யூஆர் ஸ்கேனோ எதுவும் வேண்டியதில்லை. லிங்க் முகவரியில் தொடக்கத்தில் தெரிந்த பெயர் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். தொடக்கத்து https:// என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால், அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் கடைசியாக, .com, .in போன்றவற்றை ஒட்டி நிற்கும் பெயர்தான் உண்மையான உரிமையாளருடையது. பேச்சைச் செயலிக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். ஒரு ரூபாய் போனாலும் உடனே வங்கிக்கும் 1930-க்கும் அழையுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கையிலேயே ஒருவர் அழைத்து, இழந்த 41,500 ரூபாயையும் மீட்டுத் தருவதாகவும், பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் கட்ட லிங்க் அனுப்புவதாகவும் சொன்னார். எவ்வளவு இழந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்; இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த எண்ணையும் 1930-க்குச் சொல்லியிருக்கிறேன்.