பழைய 100-400, புதிய 100-400: சேர்வராயன் மலையில் பன்னிரண்டு ஆண்டுகள்

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில், கண்ணங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் என்னோடு படம் எடுத்துக்கொண்டிருந்த அம்மாப்பேட்டைத் தம்பி ஒருவர், "அண்ணா, பழைய 100-400 லென்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கினால் பின்னால் வருத்தப்படுவேனா?" என்று கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பழைய லென்ஸை 2013 முதலும் அதன் இரண்டாம் பதிப்பை 2019 முதலும் பயன்படுத்திவருகிறேன்; இரண்டும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. சேலத்தின் ஏரிகளிலும் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களிலும் இவை எனக்கு எப்படி உழைத்தன என்பதை, அவருக்குச் சொல்வதுபோலவே இங்கே எழுதுகிறேன்.

நான் பேசுவது கேனன் நிறுவனத்தின் இஎஃப் 100-400 மி.மீ. எஃப் 4.5-5.6 எல் லென்ஸைப் பற்றி. மி.மீ. என்பது குவியத் தொலைவு, அது கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் கூடக் கூட ஒளி நுழையும் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், சிறிதாகும். முதல் பதிப்பு 1998-இலும் இரண்டாம் பதிப்பு 2014-இலும் வந்தன. பெயரும் எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குப் பழையதற்கு எதற்காக இவ்வளவு விலை குறைவு என்றோ, புதியதற்கு எதற்காக இவ்வளவு கூடுதல் என்றோ விளங்காது. உள்ளே இவை வேறு வேறு லென்ஸ்கள். முதலாவதில் 14 குழுக்களாக 17 கண்ணாடிகளும் இரண்டாவதில் 16 குழுக்களாக 21 கண்ணாடிகளும் உள்ளன. பழையதைக் குழலை முன்னும் பின்னும் தள்ளி இழுத்து ஜூம் செய்ய வேண்டும். புதியதில் வளையத்தைச் சுற்ற வேண்டும். பழையது ஏறத்தாழ 1,380 கிராம், புதியது ஏறத்தாழ 1,570 கிராம். ஃபில்டர் அளவு இரண்டுக்கும் 77 மி.மீ.தான் என்பதால் பழைய ஃபில்டர்களை அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

தள்ளி இழுக்கும் அமைப்பைப் பலரும் குறையாகவே சொல்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நத்தைகுத்தி நாரை ஒன்று ஏரியின் மறுகரையிலிருந்து எழும்பி நம் தலைக்கு மேலே வரும்போது, ஒரே இழுப்பில் 400-லிருந்து 100-க்கு வந்துவிடலாம். இடது கை லென்ஸைத் தாங்கியபடியே அந்த வேலையையும் செய்துவிடும். புதியதில் மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருப்பதால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கணத்தில் நான் சற்றுப் பிந்திவிடுகிறேன். பழையது காற்றை உள்ளிழுத்துத் தூசியையும் சேர்த்துக்கொள்ளும் என்ற பேச்சும் உண்டு. பனமரத்துப்பட்டி ஏரி வற்றிக் கிடந்த கோடையில் அந்தப் புழுதியிலேயே நாள் முழுவதும் கிடந்து எடுத்திருக்கிறேன். உள்ளே தூசித் துகள்கள் இருப்பது உண்மை, ஆனால் அவற்றின் சுவடு ஒரு படத்திலும் தெரிந்ததில்லை. முன்கண்ணாடியிலும் நடுவிலும் உள்ள சில துகள்களுக்காகப் பழைய லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை.

வெயில் ஏறிய பிறகு ஏரிக்கரையில் எடுத்த படங்களை இரண்டு லென்ஸ்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். புள்ளிமூக்கு வாத்தும் நீலத் தாழைக்கோழியும் நல்ல ஒளியில், எஃப் 8-இல், ஷட்டர் வேகம் 1/1000-க்கு மேலே இருக்கும்போது, எது எந்த லென்ஸில் எடுத்தது என்று கோப்பின் விவரத்தைத் திறக்காமல் என்னால் சொல்ல முடிந்ததில்லை. ஏரிப் பறவைகளை மட்டும் எடுப்பவருக்கு, காலை எட்டு மணிக்கு மேல் போய்ப் பத்தரைக்குள் திரும்பிவிடுபவருக்கு, பழையதே போதும் என்று துணிந்து சொல்வேன்.

மலைக்கு மேலே நிலைமை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும், ஒளியின் தன்மையே மாறிவிடுகிறது. காப்பிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள் நிழல் போர்த்தியிருக்கும். அந்த மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அவற்றுக்கெல்லாம் மேலே, மழைக்கால மாதங்களில், பனிமூட்டம் காலை ஒன்பது வரை விலகாது. அந்த நிழலுக்குள்தான் ஆறுமணிக்குருவி வருகிறது. வலசை வந்து குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கும் இந்தப் பறவை, பெயருக்கேற்ப விடியும்போதும் பொழுது சாயும்போதும் குரல் கொடுத்து, உதிர்ந்த இலைகளைப் புரட்டி இரை தேடும். அது வெளியே வரும் நேரமும் கேமராவுக்கு ஒளி இல்லாத நேரமும் ஒன்றுதான்.

இங்கேதான் இரண்டு பதிப்புகளுக்கும் உள்ள வேறுபாடு முழுதாகத் தெரியும். நான் பயன்படுத்துவது 7டி மார்க் 2 கேமரா. அதன் சென்சார், முழுச் சட்டம் எனப்படும் 35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறியது என்பதால் 400 மி.மீ. அதில் 640 மி.மீ. போலப் படம் காட்டும். நடுக்கம் தடுக்கும் வசதி (ஐஎஸ்) இல்லாமல், கையில் பிடித்து எடுக்க, குவியத் தொலைவு எத்தனையோ நொடியில் அத்தனையில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கின்படி 1/640 நொடி வேண்டும். முதல் பதிப்பின் ஐஎஸ் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரு மடங்காக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) உதவும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆகவே 1/160 வரை இறங்கலாம். இரண்டாம் பதிப்பின் ஐஎஸ் நான்கு ஸ்டாப். 1/40 வரை இறங்கலாம். இதோடு இன்னொன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பழைய லென்ஸில் 400-இல், எஃப் 5.6-இல் எடுத்தால் இறகின் நுண்கோடுகள் சற்றே மென்மையாகி, வெளிச்சத்துக்கும் இருளுக்குமான மாறுபாடும் குறைந்து தெரியும். எஃப் 8-க்குக் குறைத்தால் சரியாகிவிடும். புதியது எஃப் 5.6-இலேயே கூர்மையாக இருக்கிறது. ஆக, அப்பர்ச்சரில் ஒரு ஸ்டாப், ஷட்டர் வேகத்தில் இரண்டு ஸ்டாப், மொத்தம் மூன்று. பழைய லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்) 6400 வைத்து எடுக்க வேண்டிய அதே காட்சியைப் புதியதில் 800 வைத்து எடுக்கலாம். 7டி மார்க் 2-இல் 6400-க்கும் 800-க்கும் உள்ள இடைவெளி, அந்தக் குருவியின் வயிற்றுச் சிவப்பு வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிவதற்கும் இறகாகவே தெரிவதற்கும் உள்ள இடைவெளி.

இந்தக் கணக்கு காகிதத்தில் உள்ளது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் கையின் நடுக்கத்தைத்தான் ஐஎஸ் தடுக்கும். இலையைப் புரட்டும் குருவியின் தலையசைவை அது நிறுத்தாது. 1/40-இல் பத்துப் படம் எடுத்தால் ஒன்றோ இரண்டோதான் எனக்குத் தேறுகிறது. பெரும்பாலும் 1/80 அல்லது 1/100 வைத்து, குருவி இரண்டு தத்தல்களுக்கு நடுவே அசையாமல் நிற்கும் அந்த நொடிக்காகக் காத்திருக்கிறேன். அப்படிப் பார்த்தாலும் இரண்டு ஸ்டாப் மிச்சம், அதாவது 6400 இருந்த இடத்தில் 1600. ஆறு ஆண்டுகள் பழைய லென்ஸோடு அதே தோட்டப் பாதைகளில் நடந்தும் கிடைக்காத ஆறுமணிக்குருவிப் படம், புதியது வந்த முதல் குளிர்காலத்திலேயே கிடைத்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பழையதை ட்ரைபாடில் வைத்தால் ஐஎஸ்-ஐ நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அது இல்லாத நடுக்கத்தைத் தேடிப் படத்தைக் கெடுக்கும். இதை அறியாமல் முதல் ஆண்டில் பல காலைகளை இழந்தேன்.

இரண்டாவது பெரிய வேறுபாடு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் தூரம். பழையதுக்கு 1.8 மீட்டர் வேண்டும், புதியதுக்கு 0.98 மீட்டர் போதும். சென்சாரில் உருவம் விழும் அளவு, அசலோடு ஒப்பிட்டால், 0.20 மடங்கிலிருந்து 0.31 மடங்காகிறது. தோட்டத்து ஓடைக்கரையில் உட்காரும் தட்டானையோ, லந்தானாப் பூவில் தேன் குடிக்கும் பட்டாம்பூச்சியையோ எடுக்க இனித் தனியாக ஒரு மேக்ரோ லென்ஸைச் சுமக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. நெருங்க நெருங்கப் புதிய லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு குறைந்துகொண்டே வருவதால், மூன்று மீட்டரில் உள்ள ஒரு சின்னப் பறவை நாம் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக விழாது. இது பழுதன்று, அமைப்பின் இயல்பு. வாங்கிய புதிதில் தெரியாமல் குழம்ப வேண்டாம்.

காட்டுமாடுகளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஊரில் காட்டெருமை என்றே சொல்கிறோம். தோட்டங்களுக்குள் இவை சாதாரணமாக வருகின்றன. இவற்றுக்கு எந்தப் பதிப்பும் போதும், 400 கூடத் தேவைப்படாது. போதாமல் போவது நமக்கும் அதற்கும் நடுவே உள்ள தூரம்தான். புதர் மறைவில் ஒற்றை ஆண்மாடு நின்றால், எந்த லென்ஸ் கையில் இருந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மஞ்சள் தொண்டைச் சின்னானுக்காக மலைச்சரிவின் பாறைப் புதர்களில் காத்திருப்பவர்களுக்கு வேறொரு கேள்வி எழும். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழ்ந்து, எண்ணிக்கை அருகிவரும் பறவை அது. அது எங்கே உட்காருகிறது என்பதை நான் எழுதப்போவதில்லை. வெயில் விழும் பாறைச் சரிவில் ஒளிக்குக் குறைவில்லை, தூரம்தான் குறை. அங்கே லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிக் குவியத் தொலைவைக் கூட்டும் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் போட்டால் 400, 560 ஆகும், அப்பர்ச்சர் எஃப் 8 ஆகும், 7டி மார்க் 2-இல் நடுப்புள்ளியில் மட்டும் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். பழையதோடு எக்ஸ்டெண்டர் போட்டு எடுத்தவற்றைவிட, எக்ஸ்டெண்டர் இல்லாமல் எடுத்து வெட்டிப் பெரிதாக்கிய படங்களே எனக்கு நன்றாக இருந்தன. புதியதோடு எக்ஸ்டெண்டரை மனநிறைவோடு பயன்படுத்துகிறேன்.

இப்போது பூஞ்சை. 2016 மழைக்காலம் முடிந்ததும், பழைய லென்ஸின் உட்கண்ணாடி ஒன்றில் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகளைக் கண்டேன். ஏற்காட்டில் பனியில் நனைந்த பையை, வீட்டுக்கு வந்ததும் அப்படியே பீரோவுக்குள் வைத்துப் பூட்டியது என் தவறு. சுத்தம் செய்ய ஆன செலவு, நான் லென்ஸுக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் சிறிதன்று. அதன் பிறகு ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி நிற்கும் உலர்பெட்டி ஒன்றை வாங்கினேன். மலையிலிருந்து இறங்கும்போது இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன்: குளிர்ந்த லென்ஸைச் சேலத்து வெக்கையில் உடனே வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால், பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஆகவே பழையதை வாங்கப்போகிறவர், எந்தப் பதிப்பு என்பதற்கு முன்னால், கைக்கு வரும் அந்த ஒரு லென்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பின்மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு முனையிலிருந்து அடித்து மறுமுனை வழியே பாருங்கள். தூசியை மன்னிக்கலாம், இழைகளை மன்னிக்க வேண்டாம். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, இறுக்கும் வளையத்தை முழுதும் இறுக்கினால் குழல் தானாக வழுக்கி இறங்கக் கூடாது. ஐஎஸ்-ஐ இயக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய முனகல் இயல்பு, கடகடப்பு இயல்பன்று. 400-இல் வைத்துச் செங்கல் சுவர் ஒன்றை நேராக எடுத்து, இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே கூர்மையில் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் எப்போதோ கீழே விழுந்த லென்ஸ் அது. பல பழைய கேனன் லென்ஸ்களின் பின்பக்க வளையத்தில் சிறிய எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். அதன் இரண்டாம் எழுத்து தயாரித்த ஆண்டைக் காட்டும். எம் என்றால் 1998, டபிள்யூ என்றால் 2008. பத்தாண்டு வேறுபாடு விலையில் தெரிய வேண்டாமா?

வாங்கிய பிறகு, கேமராவில் ஃபோகஸ் நுண்திருத்தம் இருந்தால் அதைச் செய்யாமல் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். 7டி மார்க் 2-இல் ஜூம் லென்ஸின் இரு முனைகளுக்கும் தனித்தனியே திருத்தம் வைக்கலாம். என் பழைய லென்ஸ் 100-இல் சரியாகவும் 400-இல் பறவையின் கண்ணுக்குச் சற்றுப் பின்னாலும் ஃபோகஸ் செய்துகொண்டிருந்தது. ஒரு மாலைப்பொழுதில் அதைச் சரிசெய்த பிறகு, மென்மை என்று நான் நினைத்திருந்ததில் பாதி மறைந்துவிட்டது.

தம்பி ஏரிகளுக்கே பெரும்பாலும் போகிறார். மாதம் ஒரு முறை மலையேறுகிறார். அவருடைய கையிருப்பில் பழையதுதான் அடங்கும். புதியதுக்குக் காத்திருந்தால் இன்னும் இரண்டு வலசைக் காலங்கள் கையில் லென்ஸ் இல்லாமலே போய்விடும். வருகிற இரண்டு ஞாயிறுகளுக்கு என் பழைய லென்ஸை அவரிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மூக்கனேரிக்கு, மற்றொன்று விடியும் முன்பே காப்பித் தோட்டத்துக்கு. படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டும், கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவரே விலை பேசப் போகலாம்.